ஏறி நின்ற மேஜை

காலை 8.40. கல்மண்டபம் பகுதியில் பழைய ஐஸ் கிடங்கு ஒன்றின் மாடி, பலர் மேஜை வாடகைக்கு எடுத்து வேலை செய்யும் பொது அலுவலகமாக மாறியிருந்தது. அங்கே மலரின் மேஜைமேல் நான்கு திருகாணிகள் மட்டும் கிடந்தன. அவற்றால் பொருத்தியிருந்த கருவியைக் காணோம். படகு இன்ஜினின் சத்தத்தைக் கேட்டே பழுதைச் சொல்லும், அவள் உருவாக்கிய கருவி அது. பதினோரு மணிக்கு விசைப்படகுக்காரர்கள் அதைப் பார்க்க வருகிறார்கள்.

மலர் ஒரு நிமிடம்கூட ஓரிடத்தில் நிற்கவில்லை. கூடம் முழுக்க நடந்தாள், குனிந்தாள், தேடினாள்.

கூடத்தின் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவள் ஜன்னத். கழுத்து அட்டையைக் கண்டால் கதவு திறக்கும். அட்டையோடு ஒரு நிமிடம் நின்றால் மேஜையும் அவரவர் உயரத்துக்கு ஏறி இறங்கும். கதவின் பதிவில் ஏழிலிருந்து எட்டேகால்வரை ஒரே பெயர்தான்: துப்புரவுப் பணியாளர் மங்கை.

"கதவு பொய் சொல்லாது. பதினோரு மணிக்குள்ள அந்தம்மாவ வேலைய விட்டு அனுப்பிடு," என்றார் உரிமையாளர் செல்வநாதன் ஜன்னத்திடம்.

கதவு நிலையில் தலை இடிக்காமல் குனிந்து, தோளில் பையோடு உள்ளே வந்தான் ஹென்றி. அவனும் இன்று படகுக்காரர்களிடம் தன் கருவியைக் காட்டவேண்டியவன். "இன்னா, காலைலயே பேஜாரா கீது?"

8.55. ஜன்னத் மங்கையிடம் போனாள்.

"யாராச்சும் வந்தாங்களாக்கா?"

"நான் பாக்கல கண்ணு. தண்ணி மாத்த கொழாயாண்ட போயிட்டேன்."

"கதவு?"

"கல்ல முட்டுக் குடுத்து தொறந்து வெச்சிட்டுப் போவேன். கடக்காத்து வந்தாதான தரை காயும்?" மங்கை மாப்பைப் பிழிந்தாள். "அத்த எடுத்துகினு போயி இன்னா பண்ணுவேன் நானு? எம் மிக்சியே ரிப்பேராகி ஒரு மாசம் ஆவுது."

திறந்தே கிடந்த கதவு யாரையும் பதிந்திருக்காது. ஜன்னத் திரும்பி மலரின் மேஜையைப் பார்த்தாள். குள்ளமான மலருக்கு அது நெஞ்சளவு நின்றது.

யாருக்கு மேஜை எவ்வளவு உயரம் என்ற பட்டியலைத் திறந்தாள். நாற்பத்தோரு பெயர்கள். மங்கை இல்லை. நான்கு வருடங்களாக இந்த மேஜைகளைத் துடைப்பவளின் உயரத்தைக் கேட்க ஒருநாளும் தனக்குத் தோன்றவில்லை என்பது ஜன்னத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

9.20. எல்லோரையும் கூப்பிட்டாள்.

"இந்த மேஜை மங்கையக்காவுக்கு ஏறாது. அவங்க ஒயரத்த நான் ஏத்தவே இல்ல, தப்பு என்னுது. ஆனா நாலு திருகாணி கழட்டுற நேரம் யாரோ இங்க நின்னிருக்காங்க. அட்ட அவங்க பாக்கெட்டுலயே இருந்திருக்கு. மேஜை இப்ப நிக்கிற ஒயரம் நூத்திப் பதினெட்டு சென்டிமீட்டர். பட்டியல்ல அது ஒருத்தருக்குத்தான். பைய தொற, ஹென்றி."

ஹென்றி தோளிலிருந்து பையை இறக்கினான். திறந்து கருவியை எடுத்து வைத்தான். "ஒடைக்கல. இன்னைக்கு மட்டும் இல்லாம போனா போதும்னு நெனச்சேன்."

"அந்தம்மாவுக்கு வேல போயிருக்கும்டா," என்றாள் மலர்.

செல்வநாதன் மங்கையின் பக்கம் திரும்பினார். "மன்னிச்சிடும்மா."

பதினோரு மணிக்குக் கீழே மலரின் கருவிமுன் இன்ஜின் உறுமியது. படகுக்காரர்களின் சிரிப்பு மாடிவரை கேட்டது. ஜன்னத் பட்டியலில் நாற்பத்திரண்டாவது பெயரை ஏற்றினாள்.

"அக்கா, இப்பிடி வந்து சும்மா ஒரு நிமிசம் நில்லுங்க."

"நின்னா?"

"நில்லுங்களேன்."

மேஜை மெல்ல முனகியபடி இறங்கியது. மங்கையின் முழங்கையருகே வந்து நின்றது. அவள் துடைக்கும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, தன் டீ கிளாஸை அதன்மேல் வைத்தாள்.