ஓடிப்போனவன் வம்சம்

காலை ஆறரை மணிக்கு, செவ்வாய்க் கோளின் மூன்றாம் குடியிருப்புக் குமிழில், வாயிற்கதவு வழக்கம்போல் வம்சம் சொல்லிக்கொண்டிருந்தது. வேலைக்குப் போகிறவர்கள் அதன் முன்னால் நின்று, உள்ளங்கையில் பதித்த வம்சச்சில்லைக் காட்ட வேண்டும். "தியாகி சிலுவைராசு, ஆறாம் தலைமுறை. வருக" என்று ஒருவரை அனுப்பும். அடுத்தவரை "தியாகி தனிஸ்லாஸ், ஏழாம் தலைமுறை" என்று தலைமேல் வைத்துக் கொண்டாடும். புஷ்பமங்களம் வந்து நின்றால் மட்டும் அந்தக் குரலில் ஈரம் வற்றிவிடும். "ஓடிப்போனவன் வம்சம். பின்னால் நிற்கவும்." நாற்பத்தெட்டு வயதாகியும் அவள் தினமும் கடைசி ஆளாகத்தான் உள்ளே போனாள்.

விஷயம் நூற்றறுபது வருடம் பழையது. பூமியின் சுரங்க முதலாளிகளை எதிர்த்துக் குடியேறிகள் சண்டையிட்டபோது, குமிழ்களுக்கு மூச்சுக்காற்று தயாரிக்கும் காற்றாலையின் வாசலை நாற்பது பேர் காத்தார்கள். முப்பத்தொன்பது பேர் செத்தார்கள். அடைக்கலம் என்ற ஒருவன் ஓடிப்போனான். அவன் ரத்தம் பத்துத் தலைமுறைக்கு விண்கலம் ஓட்டக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். அடைக்கலம் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. சட்டம் மட்டும் கல்லுக்குண்டாய் இருந்தது.

இந்த நேரம் பார்த்துப் புஷ்பத்தின் மகள் ஜெனோவா, சனிக்கோள் பயணத்துக்கான ஓட்டுநர் தேர்வில் முதலாவதாக வந்து தொலைத்தாள். வம்சவாரியத் தலைவர் தொபியாஸ், தியாகி சிலுவைராசுவின் கொள்ளுப்பேரனுக்குப் பேரன், நல்ல மனிதர்தான். முறையிட வந்த புஷ்பத்தை உட்கார வைத்துக் குளிர்ந்த நீர் கொடுத்தார். பிறகு, அடைக்கலம் ஓடவில்லை என்று ஒரே ஒரு தாள் கொண்டுவந்தால் போதும் என்றார். ஒன்பது நாள் தவணை. கலம் பத்தாம் நாள் கிளம்புகிறது.

புஷ்பம் ஆவணக்கிடங்கில் போய் விழுந்தாள். ராணுவ ஏட்டில் எழுதியிருந்தது: "அடைக்கலம், பின்வாசல் வழியாக ஓடினான்." அதற்குமேல் தெளிவாக யாராலும் எழுத முடியாது. அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். மகளின் முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அழுதாள்.

அழுதவள் பக்கத்தைத் திருப்பாமல் எழுந்து போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. அடுத்த பக்கத்தில் இரண்டு குறிப்புகள் இருந்தன. நாற்பது பேருமே மணமாகாதவர்கள் என்பது ஒன்று. அந்தப் படையில் கல்யாணமானவர்களைச் சேர்ப்பதில்லையாம். இறந்தவர்களில் ஏழு பேரின் கழுத்துத் தகடுகள் காணவில்லை என்பது மற்றொன்று. பெயரும் எண்ணும் பொறித்த அந்தத் தகடுதான் அன்றைய அடையாளச்சீட்டு.

கல்யாணமே ஆகாமல் செத்தவர்களுக்குக் கொள்ளுப்பேரன்கள் எங்கிருந்து வந்தார்கள்? புஷ்பம் கண்ணைத் துடைத்துக்கொண்டு குடிக்கணக்கெடுப்பு ஏட்டைக் கேட்டாள். போர் முடிந்து பத்தாவது வருடம் எடுத்த கணக்கு அது. இரண்டாம் குமிழில் சிலுவைராசு, மனைவி, மூன்று பிள்ளைகளோடு சௌக்கியமாக இருந்தான். ஐந்தாம் குமிழில் தனிஸ்லாஸுக்கு இரட்டைக் குழந்தை. ஏழு குமிழ்களில் ஏழு பிணங்கள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. தொழில் என்ற இடத்தில் ஏழு பேருக்குமே ஒரே பதில்: தண்ணீர் வண்டி ஓட்டுநர். குமிழ் விட்டுக் குமிழ் போகிற ஒரே தொழில் அன்றைக்கு அதுதான்.

மிச்சத்தைத் தேட அவள் வெகுதூரம் போகவில்லை. ஏழு தியாகிக் குடும்பங்களும் தங்கள் முன்னோரின் திருமணப் பதிவைப் பங்குக்கோயில் ஏட்டிலிருந்து வாங்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு, வாரிய மண்டபத்திலேயே மாட்டியிருந்தன. தினமும் புதுமாலை. கும்பிடுகிற அவசரத்தில் ஒருவரும் படித்ததில்லை.

ஒன்பதாம் நாள் விசாரணையில் மண்டபம் நிறைந்திருந்தது. தாள் எங்கே என்று தொபியாஸ் கேட்டார்.

"உங்க தலைக்கு மேலேதான் தொங்குது ஐயா," என்றாள் புஷ்பம். "மாலையை மட்டும் கொஞ்சம் எடுக்கச் சொல்லுங்க."

மாலைகளை எடுத்தார்கள். தேதிகள் தெரிந்தன. முதல் கல்யாணம் சிலுவைராசுவினுடையது, அவன் செத்து நாலு வருடம் கழித்து நடந்திருந்தது. மற்றவை அதற்கும் பிறகு. ஒவ்வொரு தாளின் அடியிலும் மாப்பிள்ளையின் கட்டைவிரல் ரேகை இருந்தது. புஷ்பத்தின் தொழிலே ரேகைப்பூட்டுகளைப் பழுதுபார்ப்பதுதான். நடுவில் சுழி, இடப்பக்கம் குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு, ஏழிலும் ஒரே விரல் என்று அவள் சொன்னாள். வாரியத்தின் சோதனைப்பொறி ஐந்து நிமிடம் முனகிவிட்டு ஆமாம் என்றது.

"ஓடினவன் மறுநாள் திரும்பி வந்திருக்கான் ஐயா. தகடுகளை எடுத்துக்கிட்டான். சொந்தப் பேரைச் சொன்னா சுட்டுருவாங்கல்ல. பன்னிரண்டாம் வருஷம், ஓடினவங்களைச் சுட மாட்டோம்னு பொதுமன்னிப்பு வந்த பிறகு, எங்க குமிழ்ல எட்டாவது கல்யாணம். அந்த ரேகையும் கொண்டாந்திருக்கேன்." அவள் குரல் கணீரென்று இருந்தது. "எங்க முப்பாட்டிக்கு மட்டும்தான் அவன் தன் பேரைச் சொல்லித் தாலி கட்டியிருக்கான்."

கலம் ஓட்டுகிறவர்கள் எல்லாருமே அந்த ஏழு குடும்பத்துப் பிள்ளைகள். சட்டப்படி பார்த்தால் விண்கலம் ஓட்ட ஒருவருக்கும் தகுதியில்லை. ஏற்கெனவே வானத்தில் இருக்கும் பதினான்கு கலங்களையும் உடனே இறக்க வேண்டும். தொபியாஸின் இரண்டு பிள்ளைகள் அவற்றில் இருந்தார்கள். அரைமணி நேரத்தில் சட்டம் செத்தது. மறுநாள் ஜெனோவா சனிக்கோளுக்குக் கிளம்பினாள். கலம் எழும்பியபோது புஷ்பம் முதல் வரிசையில் நின்று, தொண்டை கிழியக் கத்தினாள். வாழ்நாளில் அவள் அப்படி ஒரு சந்தோஷத்தைக் கண்டதில்லை.

ஆறு மாதத்துக்குள் குமிழ்களின் முகமே மாறிப்போனது. ஓடுவதற்குத்தான் துணிச்சல் வேண்டும் என்று பள்ளிப்பாடம் எழுதினார்கள். காற்றாலையின் பின்வாசலில், ஓடுகிற கோலத்தில் அடைக்கலத்துக்குச் சிலை எழும்பியது. திறப்புவிழாவில் தொபியாஸ் புஷ்பத்தைத் தேடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாம எல்லாம் ஒரே ரத்தம்தான் புஷ்பம்," என்றார் கண்கலங்க. பிறகு சற்றுத் தயங்கினார். "என்ன இருந்தாலும், எங்க முப்பாட்டி மூத்த தாரம். உங்களுது எட்டாவது."

மூத்த தாரத்தார் சங்கம் அதற்குள் பதிவாகியிருந்தது. மணமகள் தேவை விளம்பரங்களில் 'மூன்றாம் தாரத்து வம்சம் வரை மட்டும்' என்று வரத் தொடங்கியிருந்தது.

புஷ்பம் வாய்விட்டுச் சிரித்தாள். இந்த ஜனங்களைத் திருத்தவே முடியாது என்று வழியெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். அன்று சாயங்காலமே இன்னொரு சங்கம் பதிவாயிற்று. பெயர்: சொந்தப்பெயர்த் தாரத்தார் சங்கம். தலைவி: புஷ்பமங்களம். மற்ற ஏழு குமிழ்க்காரர்களுக்கு அனுமதி இல்லை.