திரும்பி வந்த டிரான்ஸ்பர் பாரம்

ஓசூர் ஷேர் புரோக்கர் நாராயணப்பன் கிருஷ்ணகிரிக்கு வந்து தீர்த்தகிரியின் வீட்டுக் கதவைத் தட்டியபோது அவர் வாயில் ஒரே பெயர்தான் இருந்தது.

"எல்லப்பன்! என் குமாஸ்தா! அவனை ஜெயிலுக்கு அனுப்பணும் சார்."

தீர்த்தகிரி போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், அவசரப்படாதவர். அவருக்கும் சேர்த்து அவசரப்பட, முன்னாள் கான்ஸ்டபிள் ஆஞ்சப்பன் கூடவே இருந்தார்.

"புடிச்சு உள்ள தள்ளிடலாங்க" என்றார் ஆஞ்சப்பன், விஷயம் என்னவென்று கேட்காமலே.

விஷயம் இதுதான். உத்தனப்பள்ளி வெங்கடம்மாள் பெயரில் இருந்த நூறு மில் ஷேர்களை நாராயணப்பன் பெங்களூர் மார்க்கெட்டில் விற்றிருந்தார். சர்டிபிகேட்டையும், பத்து நாளைக்கு முன் அவள் விரல் ரேகை வைத்த, ஷேரைப் பெயர் மாற்றித் தரும் டிரான்ஸ்பர் பாரத்தையும் வாங்கியவரிடம் ஒப்படைத்தார். தங்கள் புத்தகத்தில் உள்ள ரேகை இது இல்லை என்று கம்பெனி பாரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டது.

"வேற ஷேரு குடுத்துட்டாப் போச்சு" என்றார் ஆஞ்சப்பன்.

"எங்கேருந்துய்யா? விலை மூணு மடங்கு ஏறிடுச்சு. நாளைச் சாயங்காலத்துக்குள்ள சரியான பாரம் போகலைன்னா, வாங்கினவன் ஏலத்துல அதே ஷேரை என்ன விலையானாலும் வாங்கிக்குவான். அது என் தலையில விழும். என் வீடே போயிடும்! சம்பளம் பிடிச்சேன்னு எல்லப்பன் பழி வாங்கறான். தன் விரலை வெச்சு பாரத்தை மாத்திட்டான்."

தீர்த்தகிரி பாரத்தைப் பூதக்கண்ணாடியால் பார்த்தார். ரேகையின் குறுக்கே சாய்வாக ஒரு வெள்ளைக் கோடு ஓடியது.

ஓசூரில் எல்லப்பன் கேட்பதற்கு முன்பே இரண்டு கைகளையும் நீட்டினான். தீர்த்தகிரி அவனுடைய பத்து விரல்களையும் திருப்பிப் பார்த்தார். எதிலும் வெட்டுத் தழும்பு இல்லை.

"அந்தம்மா எப்படி வந்தாங்க?"

"பஸ்ஸுலதாங்க. முள்ளு குத்திடுச்சுன்னு வலது கட்டைவெரல்ல மஞ்சத் துணி சுத்தியிருந்தாங்க. எந்த விரலை வைக்கிறதுன்னு மொதலாளியக் கேட்டேன்..."

"பொய்!" என்று நாராயணப்பன் பாய்ந்தார்.

மறுநாள் காலை நால்வரும் உத்தனப்பள்ளிக் களத்தில் இருந்தார்கள். பக்கத்துக் கொல்லையில் கேழ்வரகுக் கதிர் அறுத்துக்கொண்டிருந்த வெங்கடம்மாள் அரிவாளோடு வந்து நின்றாள்.

"ரெண்டு கையையும் காட்டும்மா" என்றார் தீர்த்தகிரி.

காட்டினாள்.

"பாருங்க நாராயணப்பன். கதிர் அறுக்கிறவங்க இடது கையால கதிரைப் பிடிக்கிறாங்க. அரிவாள் நழுவினா வெட்டு அங்கேதான். இந்த இடது கட்டைவிரல் தழும்பும் பாரத்துல இருக்கிற கோடும் ஒண்ணு. ரேகை இவங்களோடதுதான். பொம்பளைங்களுக்கு வலது கட்டைவிரலைப் பதியறதுதான் வழக்கம்; கம்பெனிப் புத்தகத்துல இருக்கிறது அது."

"வலதுலதான் முள்ளு குத்திடுச்சே" என்றார் ஆஞ்சப்பன்.

"துணி சுத்தற அளவுக்குக் காயம். பத்தே நாள் ஆச்சு. வடு எங்கே?"

வலது கட்டைவிரலில் வடுவே இல்லை. வெங்கடம்மாள் எதையும் மறைக்கவில்லை.

"ஆமாங்க, வேணும்னுதான் வெச்சேன்" என்றவள் நாராயணப்பன் பக்கம் திரும்பினாள். "என் புருசன்கிட்ட வெறும் பாரத்துல கையெழுத்து வாங்கினே. அவரு ஷேரை வித்துத் தின்னுட்டு, வெல விழுந்துடுச்சுன்னு கைய விரிச்சே. அவரு கெணத்துல விழுந்தாரு. டிவிடெண்டு வாங்கித் தரேன்னு எனக்கும் அதே பாரத்த நீட்டினே. எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா அந்தப் பாரத்தையும் மூலையில ஒட்டின ஸ்டாம்பையும் சாவுற வரைக்கும் மறக்க மாட்டேன். வலது வெரலு இல்லாட்டி கம்பெனியில செல்லாதுன்னு எனக்குச் சொல்லி வெச்சது என் புருசன்தான்."

எல்லப்பனுக்கு இப்போதுதான் தைரியம் வந்தது. "நான் கேட்டப்ப, 'எந்த விரலா இருந்தா என்னடா, சீக்கிரம் வை'ன்னு நீங்கதானே மொதலாளி கத்துனீங்க?"



"இது மோசடிங்களா?" என்று ஆஞ்சப்பன் மெதுவாகக் கேட்டார்.

"விக்கச் சொல்லாத ஷேரை வித்தவர் இவர். இந்தம்மா தன் விரலைத்தானே வெச்சாங்க? இதுல மோசடி யாரோடதுன்னு நீங்களே சொல்லுங்க."

நாராயணப்பன் களத்து மண்ணில் மண்டியிட்டார். புதுப் பாரத்தையும் மைப்பெட்டியையும் பையிலிருந்து எடுத்து அவள் முன் நீட்டினார்.

"தாயே, மத்தியான பஸ்ஸைப் பிடிச்சா நேரத்துக்குப் போயிடலாம். வலது விரலை ஒரு தடவை வெச்சுடு. வித்த பணத்துல பாதி தரேன். முழுசும் தரேன்!"

வெங்கடம்மாள் மைப்பெட்டியைப் பார்த்தாள். வலது கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற நான்கு விரல்களாலும் இறுக மூடிக்கொண்டாள்.

"பஸ்ஸு போவட்டும்" என்றாள்.