வெள்ளைப் பிடி போட்ட மடக்குக்கத்தி

காரென் உள்ளே வந்தபோது இஸ்ஸாத் உலர்ந்த பனிமான் இறைச்சியைச் சீவிக் காப்பியில் போட்டுக்கொண்டிருந்தார். அவள் கோட்டைக் கழற்றவில்லை. காலணியில் ஒட்டியிருந்த பனியைத் தட்டவுமில்லை. நேரே மேசையருகே வந்து ஒரு மடக்குக்கத்தியை அதன்மேல் வைத்தாள்.

"இதப் பாருங்க அண்ணே. நான் திருடியா இல்லையான்னு நீங்கதான் சொல்லணும்."

சாலையில் வண்டி மோதி இறந்த பனிமான்களைப் பார்வையிட்டு, இழப்பீடு கேட்பவர் கூறுவது மெய்யா என்று முடிவு செய்வது இஸ்ஸாத்தின் உத்தியோகம். இருபத்தாறு ஆண்டுகளாக இறந்த மான்களையும் உயிருள்ள மனிதர்களையும் ஒரே முகபாவத்துடன் பார்த்துப் பழகியவர். அவருடைய உதவியாளர் எல்லெ அவருக்கு வண்டி ஓட்டினாள், படம் எடுத்தாள், குறிப்பெழுதினாள். இம்மூன்றையும் விடச் சிறப்பாக, அவர் வாய் திறக்குமுன்பே முடிவைச் சொல்லிவிடுவாள். முப்பத்து நான்கு வயதாகியும் அந்த அவசரம் அவளைவிட்டுப் போகவில்லை.

எல்லெ கத்தியை எடுத்து விரித்துப் பார்த்தாள். அலகு பழையது, தீட்டித் தீட்டி ஒடுங்கியிருந்தது. பிடி புதியது. இரு பக்கமும் பனிமான் கொம்புத் தகடுகள், மூன்று பித்தளை ஆணிகள். தகடுகள் பால்போல் வெளுப்பாக இருந்தன. ஓரத்தில் காரெனின் முத்திரை பதிந்திருந்தது.

"ஹெய்க்காவோட அப்பா வச்சிருந்த கத்தி" என்றாள் காரென். "மரப்பிடி பிளந்துபோச்சு, கொம்பு அனுப்புறேன், அதுலயே பிடி போட்டுக் குடுன்னு ஜனவரியில ஃபோன் பண்ணினார். அவர் தங்கச்சி புருஷன் பியேரர்தான் கத்தியையும் கொம்பையும் கொண்டுவந்து குடுத்தான். வந்த கொம்புல போட்டேன். இப்போ கூட்டுறவுக் கடையில கத்திய எங்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டு நாலு பேர் முன்னாடி சொல்றார், இது எங்க கொம்பே இல்ல, நல்லத ஒளிச்சுவச்சுட்டு எதையோ ஒட்டிக் குடுத்துட்டாள்னு."

கைவினைச் சங்கத்திலிருந்து வந்த கடிதத்தையும் அவள் எடுத்து வைத்தாள். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு விசாரணை. குற்றம் உறுதியானால் சங்கம் தந்த முத்திரை பறிக்கப்படும். முத்திரை இல்லாதவருக்கு ஈஸ்டர் சந்தையில் இடமில்லை. அதன்பின் அந்தப் பகுதியில் எவரும் அவளிடம் ஒரு கொம்புத் துண்டைக்கூட நம்பிக் கொடுக்க மாட்டார்கள். பத்தொன்பது ஆண்டுகளாக அவள் செய்துவந்த தொழில் அது ஒன்றே.

"யாரோட மான், எந்த மான்னு நீங்க கேக்கலையாக்கா?" என்றாள் எல்லெ.

காரென் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அடுத்தவங்க மானப் பத்தி நான் ஏன் கேக்கணும்? உங்கிட்ட எத்தன மான் இருக்குன்னு நான் என்னைக்காவது கேட்டேனா?"

எல்லெயின் காது சிவந்தது. ஒருவரின் மான்களைப் பற்றி விசாரிப்பது அங்கே அவர் பணத்தை எண்ணிப் பார்ப்பது போல; கேட்கக்கூடாத கேள்விதான்.

"அத விடு" என்றார் இஸ்ஸாத். "வேலைய எப்படிச் செஞ்சேன்னு மொதல்லேந்து சொல்லு."

காரென் சொன்னாள். கொம்பின் அடியில் நான்கு விரல் நீளத்தை அறுத்து நீக்கினாள். அங்கே வளைவு மிகுதி, தகட்டுக்கு ஆகாது. மேல்தண்டை நீளவாக்கில் பிளந்து, உள்ளிருந்த பஞ்சு போன்ற பகுதியைச் சுரண்டினாள். மூன்று வாரம் அடுப்புக்கு எட்டத்தில் வைத்து உலர்த்தினாள். அவசரப்பட்டால் தகடு முறுக்கிக்கொள்ளும். பிறகு அரம், உப்புத்தாள், துளை, ஆணி. ஆணி இறுகினால் அலகு திறக்காது, தளர்ந்தால் ஆடும்; அந்த ஒரு வேலைக்கே அரைநாள் ஆயிற்று.

"அறுத்த அடித்துண்டு?"

"எல்லாரோட மிச்சத்தையும் பேர் எழுதிப் பையில போட்டு வப்பேன். கேட்டா குடுக்கணுமில்ல."

"ஹெய்க்கா கேட்டாரா?"

"இல்ல."

"அப்போ அந்தப் பையை யாரும் தொட வேணாம். நாளைக்கு வரோம்."

அன்று பிற்பகலே அவர்கள் கத்தியுடன் ஹெய்க்காவின் வீட்டுக்குச் சென்றார்கள். ஹெய்க்கா இருபது ஆண்டுகள் ஆல்த்தா நகரில் அலுவலக வேலை பார்த்து, தந்தை இறந்த பின்னரே ஊர் திரும்பியவர். காப்பியில் போடப் பாலாடைக்கட்டித் துண்டுகளைத் தட்டில் வைத்தார். கோபத்தை மட்டும் குறைத்துக்கொள்ளவில்லை.

"முசெத்தோட கொம்பு அது. அப்பாவோட சறுக்குவண்டிய இழுத்த காயடிச்ச மான். பத்து வருஷம் முன்னாடி ஒரு ஏப்ரல் மாசம், கூடார வாசல்லயே கொம்பு உதிர்ந்துச்சு. அப்பா தன் கையால எடுத்துக் கூடாரத்துக்குள்ள, அடுப்புக்கு மேல தொங்கவிட்டார். அவர் போற வரைக்கும் அங்கதான் தொங்கிச்சு. புகையேறி, வெந்த ரொட்டி மாதிரி பழுப்பாயிருச்சு. இத பாருங்க. பழுப்பா இருக்கா?"

"இல்ல" என்றார் இஸ்ஸாத்.

"புகையேறின கொம்புன்னா வெளியூர்க்காரங்க பறந்தடிச்சுக்கிட்டு வாங்குவாங்க. அந்தம்மாவுக்கு அது தெரியாதா?"

"பியேரர்கிட்ட குடுக்கும்போது உங்க கையாலயே குடுத்தீங்களா?"

"என் கையாலதான். நீளக் கொம்பு. சாக்குலகூடச் சுத்தல."

திரும்பும் வழியில் எல்லெ ஸ்டியரிங்கைத் தட்டினாள். "வெளுக்கவச்சிருப்பாங்க அண்ணே. மருந்துல ஊறப்போட்டா எந்தப் பழுப்பும் போயிரும்."

"மேலே சுரண்டினா தெரிஞ்சுபோகும். நாளைக்குப் பாப்போம்."

மறுநாள் காலை காரெனின் பட்டறையில் ஹெய்க்காவின் பெயர் எழுதிய பையை இஸ்ஸாத் பிரித்தார். அடித்துண்டை எடுத்துக் கத்திப்பிடியின் முனையோடு சேர்த்துப் பிடித்தார். கொம்பின் உள்ளே ஓடிய மெல்லிய துளைக்கோடுகளும், ஓரத்திலிருந்த ஒரு கீறலும் இரண்டிலும் இடைவெளியின்றித் தொடர்ந்தன. இரண்டும் ஒரே கொம்பு, ஐயமில்லை. துண்டின் வெளிப்புறமும் வெளுப்பே. சுரண்டிப் பார்த்தும் மருந்து பட்ட அடையாளம் எங்குமில்லை.

பிறகு அவர் துண்டைத் திருப்பினார். அடியில் மானின் நெற்றி எலும்பு விரல் தடிமனுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. எலும்பில் ரம்பம் ஓடிய தடம் தெளிவாக இருந்தது.

எல்லெ படமெடுத்தாள். பட்டறையை விட்டு வெளியே வந்ததும் அவளுடைய குரல் தாழ்ந்திருந்தது. "அண்ணே, ஹெய்க்கா சொன்னது தானா உதிர்ந்த கொம்பு. உதிர்ந்த கொம்போட அடி குமிழ் மாதிரி இருக்கும், எலும்பு ஏது? இது செத்த மானோட தலையிலேந்து அறுத்தது. ஹெய்க்கா குடுத்தது வேற, பிடியில இருக்கறது வேற. காரெனக்கா மாத்திட்டாங்க."

"ரெண்டும் வேறங்கறது சரி" என்றார் இஸ்ஸாத்.

"அப்போ?"

"இன்னும் ஒருத்தர் பாக்கி."

காரெனை எல்லெக்குச் சிறுவயது முதலே தெரியும். பியேரரின் கொட்டகைக்கு வண்டியைத் தேவைக்கு மேல் மெதுவாக ஓட்டினாள்.

பியேரர் மான்களை வெட்டும் கொட்டகையில் வேலை செய்பவன். அவர்கள் போனபோது வேலியைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தான். கொட்டகை ஓரத்தில் சென்ற பருவத்தின் கொம்புகள் குவிந்து கிடந்தன.

"வாங்க இஸ்ஸாத் அண்ணே. உயிரோட நிக்கறவன் யாரையும் நீங்க வந்து பாத்ததில்லையே. எனக்கு ஏதும் ஆயிருச்சா?"

"உனக்கு எதுவும் ஆகல. அந்தக் கொம்ப எப்படிக் கொண்டுபோனேன்னு சொல்லு."

"பனி ஸ்கூட்டருக்குப் பின்னாடி சறுக்குவண்டியில கட்டித்தான். தார்பாய் புதுசு, அடியில இருக்கற எலும்பு குத்திக் கிழிச்சிரும்னு பழைய கம்பளித்துணிய அதுல சுத்தினேன். கத்திய சட்டைக்குள்ள வச்சுக்கிட்டேன். வழியில எங்கயும் நிக்கல. குடுத்தேன், காப்பி குடிச்சேன், வந்தேன்."

"என்ன நிறம் கொம்பு?"

"பழுப்பு" என்றான் பியேரர் உடனே. "மாமனாரு கூடாரத்துல பத்து வருஷம் புகையில தொங்கினதுதானே. நல்ல பழுப்பு."

எல்லெ அதை அடிக்கோடிட்டு எழுதினாள். காரெனுக்கு எதிராக இன்னொரு சாட்சி.

"முசெத்தப் பழக்கினது யாரு?" என்று கேட்டார் இஸ்ஸாத்.

பியேரர் சுத்தியலைக் கீழே வைத்தான். "நான்தான். நாலு குளிர்காலம். மொத வருஷம் ரெண்டு தடவ என் விலாவ ஒடைச்சான். மச்சான் அப்போ ஆல்த்தாவுல சூடான ரூம்ல உக்காந்திருந்தார்."

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குச் சங்கத்தின் அறையில் சங்கத் தலைவி, இஸ்ஸாத், காரென், ஹெய்க்கா, பியேரர் என ஐந்து பேர் மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தனர். எல்லெ சுவரோரம் நின்றாள். தலைவி ரவ்த்னா கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிவிட்டுக்கொண்டு, "சீக்கிரம் சொல்லுங்க இஸ்ஸாத், ஒரு மணிக்கு எனக்குப் பல் டாக்டர்" என்றாள்.

இஸ்ஸாத் கத்தியையும் அடித்துண்டையும் அருகருகே வைத்தார்.

"இந்தப் பிடியும் இந்தத் துண்டும் ஒரே கொம்பு. கோடு சேருது, நீங்களே பாக்கலாம். இந்தத் துண்டுல எலும்பு இருக்கு. ஹெய்க்காவோட அப்பா வச்சிருந்தது தானா உதிர்ந்தது. அதுல எலும்பு இருக்க வழியில்ல."

"இதத்தானே நான் கடையிலயே சொன்னேன்" என்றார் ஹெய்க்கா.

"பாதி சரியா சொன்னீங்க. மாறினது நெசம். எங்க மாறிச்சுங்கறதுதான் கேள்வி." அவர் காரெனிடம் திரும்பினார். "கொம்பு உங்கிட்ட வந்தப்போ அதுல ஏதாவது சுத்தியிருந்துச்சா?"

"அடியில ஒரு கம்பளித்துணி. இப்போ அடுப்பு துடைக்க வச்சிருக்கேன்."

"எதுக்குச் சுத்தியிருந்தாங்க, தெரியுமா?"

"தெரியாது. நான் கேக்கல."

"பியேரருக்குத் தெரியும்" என்றார் இஸ்ஸாத். "அவனே எங்கிட்ட சொன்னான். அடியில இருக்கற எலும்பு தார்பாயக் கிழிச்சிரும்னு சுத்தினானாம். ஹெய்க்கா கையிலேந்து வாங்கின கொம்புல எலும்பு கெடையாது. வண்டியில கட்டின கொம்புல எலும்பு இருந்திருக்கு. காரெனோட வீடு அப்பவும் நாப்பது கிலோமீட்டர் தள்ளி."

எல்லெ தன் குறிப்பேட்டைப் பார்த்தாள். அந்த வாக்கியம் அங்கேயே இருந்தது, அவள் கையெழுத்தில், அடிக்கோடின்றி.

"அவன் பழுப்புன்னு சொன்னானே" என்றாள், தன்னையறியாமல்.

"நிறத்தக் கேட்டா பொய் சொல்லணும்னு அவனுக்குத் தெரியும், தயாரா இருந்தான். துணி சுத்தினத யாரும் கேக்கல. அது நடந்தது, அதனால அப்படியே சொன்னான். வருஷம் முழுக்க வெட்டின தலையிலேந்து கொம்பறுக்கறவன் அவன். அவன் கண்ணுக்குக் கொம்புன்னா அடியில எலும்பு இருக்கறதுதான் வழக்கம். அதச் சொன்னா மாட்டிக்குவோம்னே அவனுக்குத் தோணல."

பியேரர் தன் உள்ளங்கைகளை மேசைமேல் விரித்து, அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வித்துட்டியா?" என்றார் ஹெய்க்கா.

"விக்கறதா? என் வீட்டு மாடியில இருக்கு, மாமனாரோட சட்டையில சுத்தி." அவன் ஒரு கையைத் தூக்கி விரித்துக் காட்டினான். "கத்திப்பிடிக்கு எவ்வளவு வேணும்? கையகலம். அதுக்காக முசெத்தோட முழுக்கொம்ப ரம்பத்துக்குக் குடுக்கறீங்க. எனக்கு மனசு வரல. கொட்டகையிலேந்து ஒண்ண எடுத்துக் கட்டினேன். ஆபீஸ்ல இருந்த மனுஷன், பிடியாயிட்டா எந்தக் கொம்புன்னு கண்டுபிடிக்கவா போறார்னு நெனச்சேன்."

"நான் ஊர்ல இல்லாட்டி என்ன? அப்பா கூடாரத்துல தொங்கினது எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சிருக்கே" என்றான் பியேரர். "அதுதான் தப்பாப்போச்சு."

காரென் பியேரர் பக்கம் திரும்பினாள். "பத்தொன்பது வருஷம், பியேரர். இந்த வாரம் முழுக்க ஒருத்தரும் என் பட்டறைப் பக்கம் வரல. ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும்."

"வாய் வரலக்கா."

"எங்கிட்ட காப்பி குடிக்க மட்டும் வாய் வந்துச்சு."

ரவ்த்னா கடிதத்தின் குறுக்கே இரண்டு கோடு கிழித்து, கீழே கையெழுத்திட்டு, காரென் பக்கமாகத் தள்ளினாள். "முத்திரை உன்னுதுதான். சந்தையில உன் இடமும் அப்படியே இருக்கு. ஹெய்க்கா, நீங்க ஏதாவது சொல்லணுமா?"

ஹெய்க்கா எழுந்து நின்றார். "தப்பு என்னுது காரென். மன்னிச்சுக்கோ."

"இங்க சொல்லி என்ன பிரயோஜனம்? கடையில அன்னைக்கு நின்ன நாலு பேரோட பேரும் எனக்குத் தெரியும். எழுதித் தரேன். வீடு வீடா போய்ச் சொல்லுங்க."

"சொல்றேன்."

"இன்னைக்கு."

"இன்னைக்கே." அவர் பியேரரைப் பார்த்தார். "கையகலம் போதும்னு நீ சொன்னது சரிதான் மச்சான். கையகலம் எடுத்துக்கறேன். எந்த எடத்துல அறுக்கணும்னு நீயே காட்டு. மிச்சம் உன் வீட்லயே இருக்கட்டும்."

பியேரர் தலையசைத்தான்.

ஹெய்க்கா தயங்கித் தயங்கிக் காரெனிடம் திரும்பினார். "இந்தப் பிடிய எடுத்துட்டு, அந்தக் கொம்புல புதுசா போட்டுத் தருவியா?"

காரென் மடக்குக்கத்தியை எடுத்து ஒருமுறை விரித்து மூடினாள். அலகு ஓசையின்றி உள்ளே அமர்ந்தது. தன் வேலையில் குறையில்லை என்பதை உறுதி செய்துகொண்டபின் அதைக் கோட்டுப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"தரேன்" என்றாள். "ஆனா இந்தத் தடவ கொம்ப நீங்களே தூக்கிட்டு வாங்க."