முந்தித் தட்டும் கை

காலைக் காப்பி ஆறுவதற்குள் ரெஜினா விரல்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு தாளமேடை என்ற தட்டுப்பலகை முன்னால் உட்கார்ந்துவிட்டாள். திரையில் நான்கு தடங்களில் நீலப் புள்ளிகள் மேலிருந்து விழும். அவை கீழ்க்கோட்டைத் தொடும் கணத்தில் மேடையில் தட்டவேண்டும். சரியாகத் தட்டினால் 'துல்லியம்', அவசரப்பட்டால் 'முந்தல்', சுணங்கினால் 'பிந்தல்' என்று திரை சொல்லும். ஒரு காலத்தில் பிள்ளைகள் வீடியோ கேம் என்று இதை விளையாடி வீட்டில் திட்டு வாங்கினார்களாம். இப்போது தூத்துக்குடி தண்ணீருக்கு மேலே நிற்பதே அந்த விளையாட்டின் புண்ணியத்தில்தான்.

கடல் ஏறியபின் கட்டிய அலைச்சுவரில் தெருவுக்கொரு கதவு உண்டு. ஓதம், அதாவது கடல்மட்டம், ஏறும் நேரத்தில், அலை வந்தால் மூடி, திரும்பினால் திறந்து, உள்ளே கசிந்த தண்ணீரை வெளியே தள்ளவேண்டும். முதலில் அதைக் கணினிப் பொறிமூளையிடம்தான் விட்டிருந்தார்கள். அது இம்மி பிசகாமல் எல்லாக் கதவுகளையும் ஒரே கணத்தில் அடித்தது. அந்த ஒற்றுமையான அடியில் சுவரே அதிர்ந்து விரிசல் விட்டது. மனிதர்கள் அப்படி இல்லை. எவ்வளவு கெட்டிக்காரக் கையாக இருந்தாலும் மயிரிழை முன்பின் ஆகும். அந்த மயிரிழைதான் சுவரைக் காப்பாற்றும் என்று கண்டுபிடித்தபின், திரையில் புள்ளியாக வரும் அலையைப் பார்த்து ஆளே தட்டிக் கதவை மூடவேண்டும் என்று சட்டம் போட்டார்கள்: தேர்வில் தேறிய கை ஒன்று இல்லாத தெருவின் கதவு நிரந்தரமாகப் பூட்டப்படும், ஆட்கள் உள்நாட்டுக்குப் போகவேண்டும்.

சிப்பித் தெருவின் கை வெகுகாலம் வினிஸ்டனுடையது. அவன் தட்டும்போது கதவு 'தொம்'மென்று விழும் சத்தத்தைக் கேட்டுத்தான் தெரு தூங்கியது. போன வருஷத் தேர்வில் தோற்றான். கை தளர்ந்துவிட்டது என்று தானே முடிவு கட்டிக்கொண்டு, அதன்பின் ஒழுங்காகத் தூங்கவும் இல்லை. அதுமுதல் பக்கத்துத் தெருக்காரர்தான் இரவல் கையாக இங்கும் தட்டுகிறார். அந்தச் சலுகை இன்று மதியம் நடக்கும் தேர்வோடு சரி. தெருவில் வேறு யாருக்கும் துணிச்சல் வரவில்லை. சில மாதங்களுக்கு முன் அவன் அண்ணன் மனைவி ரெஜினாதான், ஐஸ் ஆலையில் பாளம் பெயர்த்துக் காய்ப்பேறிய கையோடு, "நான் தட்டிப் பாக்கேன்" என்று வந்தாள்.

தெருவே சிரித்தது. வினிஸ்டனும் சிரித்தான். ஆனால் அவள் பயிற்சியைப் பார்க்கப் பார்க்க அவன் சிரிப்பு அடங்கிப் போயிற்று. தாளத்தில் வராத இடத்தை மட்டும் வெட்டியெடுத்து, கை தானாகப் பழகும்வரை தட்டுவாள். கைக்கு அலுப்பு தட்டினால் வீம்பு பிடிக்காமல் எழுந்து போய்விடுவாள். ஒருநாள் புள்ளிகள் விழும் வேகத்தைக் கூட்டி வைத்தாள்.

"மெதுவா வந்தாலே தடுமாறுதீக மதினி, இதுல வேகமா?"

"மெதுவா வந்தா ஒண்ணு மேல ஒண்ணு அப்பிக்கிட்டு வருது. வேகமா வந்தா எடவெளி விட்டு வருது. கண்ணுக்குத் தெளிவாத் தெரியுதுல்லா?"

இத்தனை காலம் ஆடியும் இது அவனுக்குத் தோன்றியதில்லை. பொறாமைப்படக்கூட முடியாமல் மலைத்துப் போனான்.

ஆனால் அவ்வளவு பாடுபட்டும் கடைசிப் படியில் சிக்கிக்கொண்டாள். இன்று காலையும் அதே கதைதான். முந்தல், முந்தல், துல்லியம், முந்தல். வினிஸ்டன் பக்கத்தில் உட்கார்ந்து திரையையே வெறித்தான்.

"மதினி, ஒரு பிந்தல்கூட விழல பாத்தீகளா? சரியில்லாத கைன்னா ரெண்டு பக்கமும் தப்பும். ஒரே பக்கமாத் தப்புனா, அது தப்பாப் படிச்ச கை."

ரெஜினா தட்டுவதை நிறுத்திவிட்டு அவன் முழங்காலைப் பார்த்தாள்.

"யாருகிட்ட படிச்சேன்? உம்மகிட்டதான். அங்க பாரும்."

அவன் வலக்கை முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. தினமும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தன்னையறியாமல் போட்டிருக்கிறான், ஒவ்வொரு அடியும் ஒரு இமைப்பு முந்தி. அவனுக்குச் சட்டென்று விளங்கியது. பழைய கதவு துருப்பிடித்த சோம்பேறி. தட்டியபின் யோசித்துத்தான் விழும். அதற்காக முந்தித் தட்டிப் பழகியிருந்தான். போன வருஷத் தேர்வுக்குச் சற்று முன்புதான் அலைச்சுவர் வாரியம் புது மோட்டார் பொருத்தியது. அது தட்டியதும் விழுந்தது. அவன் கை தளரவே இல்லை. கதவுதான் மாறியிருந்தது.

"அப்ப நானே தட்டுதேன் மதினி!" என்று மேடையை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தான். முந்தல். பொறுத்துப் பார்த்தான். முந்தல். பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினான், மறுபடியும் முந்தல். அவமானத்தில் முகம் சுண்டிப்போயிற்று. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்!

ரெஜினா மேடையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "கோவிச்சுக்காதயும் கொழுந்தனாரே. உம்ம சத்தம் எனக்குக் காதுல ஊறிக் கெடக்கு. நீரு பக்கத்துல இருந்தா அது போகாது. சுவத்துப் பக்கம் போயி இரும். நான் வாரேன்."

தன் தெருவின் தேர்வுக்குத் தன்னையே வெளியே போகச் சொல்கிறாள். வலித்தது. ஆனாலும் போனான்.

நடுப்பகலில் ஓதம் ஏறியது. வாரியத்து ஆட்கள் ரெஜினாவை மேடை முன்னால் உட்காரவைத்து அறைக்கதவைச் சாத்தினார்கள். தெருச் சனம் வாசலில் மூட்டை கட்டாத குறையாக நின்றது. வினிஸ்டன் அலைச்சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டான்.

தொம்.

முழங்காலில் அவன் கை முந்தியிருந்தது. அடுத்த அலை. தொம். இப்போதும் முந்திவிட்டது. அவள் அவசரப்படவில்லை. தண்ணீர் வந்து தொடட்டும் என்று காத்திருந்து அடித்தாள். ஐஸ் பாளத்தின் நரம்பு பார்த்து உளி இறக்குகிற நிதானம் அது. அவனை ஒரு வருஷம் அழவைத்த பழக்கத்தை அவள் ஒரே காலையில் மறந்து காட்டிவிட்டாள். கற்றதைவிட மறந்ததுதான் பெரிய வித்தை என்று அவனுக்குப் பட்டது. முந்துகிற கையைத் தொடைக்கு அடியில் திணித்துக்கொண்டு, வெறுமனே கேட்டான்.

ஓதம் இறங்கியதும் ரெஜினா வெளியே வந்தாள். தேறிவிட்டாள் என்று தெரு கூச்சலிட்டது. யாரோ வினிஸ்டனை உலுக்கப் போனார்கள்.

"ஏ, விடுங்க. எழுப்பாதிய" என்றாள்.

வாய் லேசாகத் திறந்திருக்க, சுவரில் சாய்ந்தபடியே அவன் அயர்ந்திருந்தான். இத்தனை காலம் தெருவையே தூங்கவைத்த மனுஷன், அந்தக் கதவுச் சத்தத்தைக் கேட்டுத் தூங்குவது அன்றுதான் முதல்தடவை.