அவன் போட்ட காப்பி

செல்வரத்தினம் செத்துக் கிடந்தான்.

தஞ்சோங் டாவாய் கடற்கரையில், ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, வெள்ளைக் கால்சட்டையும் கழுத்துப் பட்டையுமாக! கடலில் குளிக்க வந்தவனுக்குக் கழுத்துப் பட்டை எதற்கு என்று கேட்காதீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறிப் படிக்க வந்தவன். பட்டை இல்லாமல் போனால் ரப்பர் தோட்டத்துக் கூலி ஆள் என்று யாராவது நினைத்துவிட்டால்...?

இனி அந்தக் கவலை இல்லை.

வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலு. செமிலிங் பக்கம் ஒரு தோட்ட ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர் படிப்புக்கு நான்கு மாணவர்கள் இருந்தார்கள். டிரஸ்ஸர் என்றால் தோட்டத்தில் பாதி டாக்டர். நால்வரில் மூன்று பேர் யாழ்ப்பாணம். செல்வரத்தினம், அரியரத்தினம், சின்னத்துரை.

நாலாவது ஆள் பரஞ்சோதி. லூனாஸ் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் மருதம்மாளின் மகன். பரீட்சையில் முதலாவதாக வந்து தொலைத்ததால் ஆஸ்பத்திரியின் வெள்ளைக்காரத் துரையே சேர்த்துக்கொண்டார். வேறு வழி இருந்திருந்தால் மற்ற மூவரும் சும்மா விட்டிருப்பார்களா?

நால்வரும் கடற்கரைக்குப் போனார்கள். மூவர் திரும்பினார்கள்... ஒருவன் கையில் விலங்கோடு!

விலங்கு யார் கையில் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

மெர்போக் போலீஸ் ஸ்டேஷன். பகல் இரண்டு மணி.

துப்பறியும் பிரிவு முருகையா பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தான். அவனும் தோட்டத்தில் பிறந்தவன்தான். எதிரே இரண்டு நாற்காலிகளில் அரியரத்தினமும் சின்னத்துரையும். மூலையில், தரையில், பரஞ்சோதி.

“இன்ஸ்பெக்டர் துரை எங்கை?” என்றான் அரியரத்தினம். “நாங்கள் அவரோட இங்கிலிஷில கதைக்கிறம்.”

“துரை சாப்பிடப் போயிருக்காரு. நாலு மணி லாரியில இந்தப் பையனை அலோர் ஸ்டார் ஜெயிலுக்கு அனுப்பச் சொல்லிட்டாரு. விஷம் வச்ச கேஸு, தூக்குதான். அதுக்கு முன்னாடி உங்க வாக்குமூலம் வேணும். தமிழ்ல சொல்லுங்க, குறைஞ்சு போயிட மாட்டீங்க.”

அரியரத்தினம் கைக்குட்டையால் நாற்காலிக் கையை ஒருமுறை துடைத்துவிட்டுத்தான் சாய்ந்தான்.

“இவன் காப்பி போட்டவன். செல்வரத்தினத்துக்குக் குடுத்தவன். குடிச்சுக் கால் மணித்தியாலத்தில அவனுக்கு வலி வந்து உடம்பு வில்லு மாதிரி வளைஞ்சு போச்சு. நான் இவன்ர மூட்டையை அவிட்டுப் பார்த்தன். ஆஸ்பத்திரி நச்சுப் புட்டி கிடந்தது. வேற என்ன வேணும்?”

“எதுக்குக் கொல்லணும்?”

“பொறாமை. செல்வரத்தினம் நல்ல குடும்பம். தோட்டக்காட்டானுக்கு அது பொறுக்குமே?”

முருகையா மூலைப் பக்கம் திரும்பினான்.

“நீ என்ன தம்பி சொல்ற?”

“காப்பி போட்டேண்ணே,” என்றான் பரஞ்சோதி. “எனக்கு மட்டும்தான் போட்டேன். பால் டின்னுல. சவுக்கு மரத்துக்கிட்ட தனியா உக்காந்து குடிச்சேன். அவங்க என் கையால பச்சத் தண்ணிகூட வாங்க மாட்டாங்கண்ணே. ஆறு மாசமா என் தட்டு வெளியில, பைப்படியிலதான் கெடக்குது.”

“பொய்,” என்றான் அரியரத்தினம் அமைதியாக. “எங்கட விடுதியில அப்பிடி ஒரு வித்தியாசமும் இல்லை. எல்லாரும் ஒண்டாத்தான் இருக்கிறம். என்ன சின்னத்துரை?”

“ஓம்... ஓம். ஒண்டாத்தான்,” என்றான் சின்னத்துரை. அவனுக்கு வயது இருபது. அரியண்ணை சொன்னால் கிணற்றிலும் குதிப்பான். பரஞ்சோதியைக் கிணற்றில் தள்ளச் சொன்னால் இன்னும் வேகமாகச் செய்வான்!

பரஞ்சோதி தலையைக் குனிந்துகொண்டான். அழுதான். அவன் பக்கம் பேச அந்தக் கடற்கரையில் இருந்த ஒரே ஆள் கடல்தான். அது சாட்சிக் கூண்டில் ஏறாது.

முருகையா பென்சிலை நாக்கில் தொட்டு எழுத ஆரம்பித்தான்.

நிதானமாக எழுதினான். ஒரு பக்கம். இரண்டு பக்கம்.

பிறகு உரக்கப் படித்தான்.

“‘அரியரத்தினமாகிய நானும், சின்னத்துரையும், காலஞ்சென்ற செல்வரத்தினமும், பால்மரம் வெட்டும் மருதம்மாள் மகன் பரஞ்சோதியோடு ஆறு மாதமாக ஒன்றாக உண்டு வருகிறோம். அவன் ஆக்கிய சோற்றைச் சாப்பிட்டு, அவன் போட்ட காப்பியை அவன் கையால் வாங்கி, ஒரே கோப்பையில் குடித்து...’”

“ஒரே கோப்பை எண்டு நான் சொல்லேல்லையே.”

“கடற்கரையில ஒரே ஒரு பீங்கான் கோப்பைதான் கெடந்துச்சு. வித்தியாசம் பாக்கிறதில்லன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்ப நாலு பேரும் அதுலதான் குடிச்சிருப்பீங்க.”

சின்னத்துரையின் முகம் பச்சை மிளகாயைக் கடித்தவன் முகமாயிற்று.

“சோறு எண்டதை வெட்டி விடுங்கோ ஐயா,” என்றான் மெல்ல. “காப்பி மட்டும் எண்டு போடுங்கோ.”

“ஏன்?”

“சும்மாதான்...”

“காப்பி குடிச்சா ஒண்ணும் ஆகாது, சோறு தின்னாதான் ஆகுமா? சரி, வெட்டிடறேன். காப்பி இருக்கட்டும். கையெழுத்துப் போடுங்க. இது கோர்ட்டில சத்தமாப் படிப்பாங்க. தமிழ்ப் பத்திரிகைக்காரன் வந்து எழுதிக்குவான். கப்பல்ல ஒரு நகல் யாழ்ப்பாணம் போகும். மகன் எப்படிச் செத்தான்னு செல்வரத்தினத்தோட அப்பாவுக்குத் தெரியணும் இல்ல?”

நாற்காலிகள் இரண்டும் கிறீச்சிட்டன.

“யாழ்ப்பாணத்துக்கோ?” என்றான் அரியரத்தினம்.

“பின்னே?”

“பெயர் இல்லாமல் எழுதேலாதோ?”

“பேர் இல்லாத சாட்சியை வச்சு ஒருத்தனைத் தூக்குல போட முடியாதுங்க.”

சின்னத்துரை நாற்காலியை அரியரத்தினத்தின் பக்கம் இழுத்தான்.

“அரியண்ணை, பாலாம்பிகையின்ர தேப்பன் இதை வாசிச்சால்...?”

“வாயை மூடு.”

முருகையாவின் பென்சில் நின்றது.

“யாரு அது பாலாம்பிகை?”

“செல்வரத்தினத்துக்குப் பேசி வைச்ச பொம்பிளை,” என்றான் சின்னத்துரை. வாயை மூடு என்றால் திறக்கிற ரகம்! “ரெண்டு கல்வீடு, பனங்காணி, எல்லாம் சீதனம். செல்வரத்தினம் இல்லாட்டில் அடுத்தது அரியண்ணைதான். முறைமச்சான். ஆனா பாலாம்பிகையின்ர தேப்பன் ஆசாரம் பாக்கிற மனிசன். கண்டவன்ர கையில வாங்கிக் குடிச்ச மாப்பிளையை வாசல்லையும் ஏத்தார்.”

வெளியே சந்தையில் மீன்காரி விலை கூவிக்கொண்டிருந்தாள்.

முருகையா காகிதத்தை அரியரத்தினத்தின் பக்கம் தள்ளினான். பேனாவையும்.

“போடுங்க. பையன் தூக்குல தொங்கட்டும். நீங்க அவன் எச்சிக் கோப்பையில குடிச்ச கதை யாழ்ப்பாணம் போகட்டும். ரெண்டும் ஒரே கையெழுத்துதான்.”

அரியரத்தினம் பேனாவை எடுத்தான்.

வைத்தான்.

மறுபடி எடுத்தான்...

ஒரு அப்பாவியைத் தூக்குக்கு அனுப்பக் காலையில் அவன் தயங்கவில்லை. சிநேகிதனுக்கு விஷம் ஊற்றியபோதும் தயங்கவில்லை. இப்போது தயங்கினான்! பேனா அவன் விரலிலிருந்து நழுவி உருண்டது.

“இல்லை,” என்றான் உடைந்த குரலில். “இதை எழுதேலாது. நான் இவன்ர கையால ஒண்டும் வாங்கிக் குடிச்சதில்லை. சத்தியமா இல்லை. எங்கட பரம்பரையில ஒருத்தரும் குடிச்சதில்லை.”

“செல்வரத்தினம்?”

“அவனும் குடிக்கேல்லை. செத்தவன்ர பேரையும் கெடுக்காதேயுங்கோ.”

மூலையில் பரஞ்சோதி தலையை நிமிர்த்தினான். அவன் உயிர் அவனிடம் திரும்பி வந்துகொண்டிருந்தது. தன்னை மனிதனாக மதிக்காதவனின் வாயிலிருந்தே!

“அப்ப செல்வரத்தினம் குடிச்சது எந்தக் காப்பி?” என்றான் முருகையா.

அரியரத்தினம் அப்போதுதான் தான் நிற்கிற இடத்தைப் பார்த்தான்.

“எங்கட பிளாஸ்க். இவன்... இவன் அதுக்குள்ள கலந்திருப்பான்.”

“பையன் உங்க பிளாஸ்க்கைத் தொட்டானா?”

“அது எப்பிடி?” சின்னத்துரை நெஞ்சை நிமிர்த்தினான். குலப் பெருமை பேசக் கிடைத்த சந்தர்ப்பத்தை விடுவானா! “தொட விடுவமே? தொட்டிருந்தால் அந்த இடத்திலயே கடலுக்குள்ள எறிஞ்சிருப்பம். கூடை முழுக்க இவன்தான் சுமந்தவன். பிளாஸ்க் மட்டும் ஒரு நிமிசம் விடாமல் அரியண்ணையின்ர கையிலதான் இருந்தது.”

“காப்பி போட்டது?”

“அரியண்ணைதான்.”

“ஊத்திக் குடுத்தது?”

“அரியண்ணை...”

சின்னத்துரையின் குரல் மெல்ல இறங்கியது. மண்டையில் ஏதோ ஒன்று, மிகவும் தாமதமாக, எரிய ஆரம்பித்தது.

“நீங்க குடிச்சீங்களா?”

“இல்லை. எனக்குத் தரேல்லை. ஆறிப் போச்செண்டு மிச்சத்தை மணலில ஊத்திப் போட்டார்.”

“பிளாஸ்க்குல போட்ட காப்பி ஆறிப் போச்சு. வெய்யில் நேரத்துல,” என்றான் முருகையா. “சரி, கடைசியா ஒண்ணு. ஆறு மாசமா இந்தப் பையன் தட்டையே தொடாத கை, இன்னைக்கு அவன் மூட்டையை மட்டும் எப்படி அவுத்துச்சு? அதுவும் புட்டி எங்க இருக்குன்னு தெரிஞ்ச மாதிரி?”

கொலை செய்யும்போது தீட்டுப் பார்க்கக் கூடாது என்று யாரும் அரியரத்தினத்துக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை போலும்.

முருகையா எழுந்து பரஞ்சோதியின் விலங்கைக் கழற்றினான். அந்த விலங்கு அப்படியே நாற்காலிக்குப் போனது. சூடு ஆறுவதற்குள்!

“இது அவன் போட்டிருந்தது,” என்று முனகினான் அரியரத்தினம்.

“ஆமா. இந்த ஸ்டேஷனுக்கு ஒண்ணுதான் குடுத்திருக்காங்க.”

நாலு மணி லாரி நாலு மணிக்கே வந்தது. அலோர் ஸ்டாருக்கு ஆள் மாறிப் போயிற்று.

பரஞ்சோதி ஸ்டேஷன் வாசலில் நின்றான். மணிக்கட்டைத் தேய்த்தபடி. சின்னத்துரை தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தான். மன்னிப்புக் கேட்கப் போகிறான் என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

“பரஞ்சோதி, பஸ்சுக்கு நேரமாச்சு. அந்தக் கூடையை எடன்.”

பரஞ்சோதி கூடையைப் பார்த்தான். அவனைப் பார்த்தான்.

“உன் கை பட்டதை நான் தொடறதில்லப்பா,” என்றான். “எங்க ஆத்தா திட்டும்.”

நடந்தான். முதல் தடவையாகக் கையை வீசிக்கொண்டு, சுமை இல்லாமல்.

லாரிக்குள் கம்பிக்குப் பின்னால் அரியரத்தினம். ஒரு தகரக் குவளையில் தண்ணீரை நீட்டினான் முருகையா. நாக்கு வறண்டிருந்தும் அரியரத்தினம் கையை நீட்டவில்லை.

“இது ஆர் மொண்ட தண்ணி?”

“நான்தான்.”

“வேண்டாம்.”

“சரி,” என்றான் முருகையா. தண்ணீரைத் தானே குடித்தான். லாரிக் கதவைச் சாத்தினான்.

“அலோர் ஸ்டாருக்கு இன்னைக்கே சொல்லி அனுப்பறேன். தூக்குக் கயிறு மாட்டறவன் என்ன சாதின்னு முன்கூட்டியே விசாரிச்சு வைக்கட்டும். இல்லைன்னா நீங்க அதையும் வாங்கிக்க மாட்டீங்க!”