நலமானேன்

இன்று செம்பனை எங்கே வெட்டுவது என்று சுமையா யோசித்தாள். இடது தோளில் நேற்றைய தையல் இன்னும் காயவில்லை. வலது தொடையில் இடமிருந்தது. அவள் குறுங்கத்தியை உருவியதும் செம்பன் தானாகவே கவசத்தின் வாரைத் தளர்த்தி, பாறைமேல் உட்கார்ந்து காலை நீட்டினான்.

அவர்களுக்குப் பின்னால் மூன்றாம் கோட்டை எரிந்துகொண்டிருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அரக்கர்களோடு மோதினால் ஒரு நல்ல காயம் கிடைக்கவே அரை நாள் ஆகிவிடும். அதுவும் எங்கே விழும், எவ்வளவு ஆழம் போகும் என்று சொல்ல முடியாது. துணையன் என்றால் பக்கத்திலேயே இருக்கிறான்.

ஏழரண் முதலில் வெறும் விளையாட்டாகத்தான் வந்தது. வாள், மந்திரம், கோட்டைகள், கூடவே வர ஒரு துணையன். பிறகு தொடுகையுறை வந்தது. அதை மாட்டிக்கொண்டவரின் விரலுக்குத் தோலின் இழுப்பும் நூலின் உரசலும் இரத்தத்தின் வழுக்கலும் அப்படியே தெரிந்தன. விளையாட்டுக்குள் தைக்கக் கற்ற கை வெளியிலும் தைத்தது. தேர்வு வாரியம் இதைச் சோதித்துப் பார்த்தது. முதலில் பட்டறைக்காரர்களுக்கும், பின்பு தச்சர்களுக்கும், கடைசியில் செவிலியர்களுக்கும் தேர்வை எடுத்துவிட்டு ஏழரணின் படிகளையே ஏற்றுக்கொண்டது. புண்ணாற்றும் திறனில் நூறாம் படி ஏறியவர் செவிலியர். மணிக்கட்டில் கட்டிய படிப்பட்டை காட்டும் எண்ணே சான்றிதழ்.

படி ஏறுவதற்கு ஒரே விதிதான். காயத்தை ஆற்ற வேண்டும். ஆற்றப்பட்டவர் தன் வாயால் ‘நலமானேன்’ என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல்லைக் கேட்டதும் பட்டை ஒருமுறை அதிரும். காயம் எப்படி வந்தது என்று விதி கேட்கவில்லை.

கூடி உட்கார்ந்து ஏழரண் ஆடிப் படி ஏறும் படிக்கூடத்துப் பிள்ளைகள் இதற்குத் ‘தட்டித் தேத்துறது’ என்று பெயர் வைத்திருந்தார்கள். செய்யாதவர் யாரும் இல்லை. துணையருக்கு வலி கிடையாது, வலியைப் போன்ற ஒரு கணக்குதான் உள்ளே ஓடுகிறது என்று விளையாட்டை நடத்தும் நிறுவனமும் சொல்லியிருந்தது. இருந்தாலும் முதல் தடவை வெட்டப் போனபோது சுமையா கத்தியை இரண்டு முறை உறையில் திருப்பிப் போட்டாள். ஏதாவது சொல்லியாக வேண்டும்போல் இருந்தது.

“கோச்சுக்காத செம்பா. காயமே இல்லேன்னா கத்துக்கிட்டது துருப்பிடிச்சுப் போயிடும்.”

“புரிந்தது, தலைவி” என்றான் செம்பன்.

துணையர்கள் கதைத் தமிழில்தான் பேசுவார்கள். எதையும் மறக்கமாட்டார்கள். தலைவி செய்வதைப் பார்த்துப் பார்த்து அவர்களும் கூடவே படி ஏறுவார்கள்.

இப்போதெல்லாம் அவள் எதுவும் சொல்வதில்லை. தொடையில் சீராக ஒரு கோடு இழுத்தாள். கழுவினாள், தைத்தாள், துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். இடக்கையால் வளையம் எடுத்துப் போடும் முடிச்சு. இழுத்தால் இறுகும், நுனியைச் சுண்டினால் அவிழ்ந்துவிடும். அவளுடைய தந்தை வெங்காய மூட்டைக்குப் போட்டு வந்தது அது. படிக்கூடத்தில் வேறு யாரும் அப்படிக் கட்டுவதில்லை.

அத்தா நூர்தீன் திருச்சி காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டியில் ஏலம் கூறியவர். அவர் வாயைத் திறந்தால் பாலக்கரையில் தூங்குகிறவன் எழுந்து விலை கேட்பான் என்று மண்டியில் கேலி பேசுவார்கள். பக்கவாதம் வந்து வலது பக்கத்தையும் பேச்சையும் கொண்டுபோயிற்று. இப்போது அவரிடம் மிச்சமிருந்தது ஒரு ‘ஏ’ மட்டும்தான். பசித்தாலும் ஏ, மின்விசிறி வேண்டுமென்றாலும் ஏ. அம்மா போய் வெகுகாலம் ஆகிவிட்டது. சுமையா வேலைக்குப் போனால்தான் வீடு ஓடும். அவள் வேலைக்குப் போய்விட்டால் அத்தாவை யார் பார்ப்பது?

இரண்டுக்கும் நூறாம் படியில்தான் விடை இருந்தது. நூறு ஏறிய துணையனை விளையாட்டுக்கு வெளியே எடுத்து, கையும் காலும் உள்ள ஒரு பணியுடலில் ஏற்றி வீட்டுக்கு அனுப்புவார்கள். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள ஊரெல்லாம் இப்போது அவர்கள்தான். அதனால் அவள் மற்றவர்களைவிட அதிகம் வெட்டினாள்.

எழுபது தாண்டியபின் ஒருநாள் அது நடந்தது. அவள் மருந்துக்குடுவையின் மூடியைக்கூடத் திறக்கவில்லை. வெட்டுவாயிலிருந்து இரத்தம் வந்துகொண்டிருக்கும்போதே செம்பன் “நலமானேன்” என்றான். பட்டை அதிர்ந்தது.

சுமையா கவசக்கண்ணாடியைக் கழற்றி, பக்கத்து இருக்கையில் இருந்த தோழி இமெல்டாவிடம் சொன்னாள். இமெல்டாவும் அதே திறனில்தான் ஏறிக்கொண்டிருந்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள்.

“உன் ஆளு வெவரமானவன்டீ. வேலைய சீக்கிரம் முடிக்கிறான். என்னோடது கடைசி வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு.”

“நான் இன்னும் தைக்கவே இல்லடீ.”

“பட்டை அதிர்ந்துச்சா இல்லையா? அப்புறம் என்ன.”

சுமையா திரும்ப உள்ளே போய் அந்தக் காயத்தைத் தைத்துவிட்டுத்தான் எழுந்தாள். அடுத்தடுத்த நாட்களிலும் அவன் முந்திக்கொண்டு சொன்னான். நிரலில் ஏதோ பிசகு என்று அவள் நினைத்துக்கொண்டாள். எப்படியோ படி ஏறியது.

நூறாம் படி ஏறி, பணியுடலில் செம்பன் பாலக்கரை வீட்டுக்கு வந்த அன்று தெருப்பிள்ளைகள் வாசலில் கூடிவிட்டார்கள். சாம்பல் நிறத்தில் ஒல்லியான உடல், மெத்தென்ற உள்ளங்கைகள். அத்தா கட்டிலில் சாய்ந்தபடி அவனை மேலும் கீழும் பார்த்தார். செம்பன் குனிந்து அவரைப் பூப்போலத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தான். அத்தா வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தார். அதைப் பார்த்த பிறகுதான் சுமையாவுக்குச் சென்னையில் கிடைத்த செவிலியர் வேலைக்குப் போகும் தைரியம் வந்தது.

பணியுடலோடு வந்தவர்கள் ஒரு நிபந்தனை சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். வீட்டிலும் அதே படிக்கணக்குதான். பயன்படாத திறன் மெல்ல இறங்கும். தொண்ணூறுக்குக் கீழே போனால் உடலைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். ரயிலுக்குக் கிளம்பும்போது சுமையா செம்பனைத் தனியே அழைத்துச் சொன்னாள்.

“உன் படி எறங்காமப் பாத்துக்க. எறங்கினா உன்னைக் கூட்டிக்கிட்டுப் போயிடுவாங்க. அத்தா தனியாக் கெடப்பாங்க.”

“இறங்காது, தலைவி.”

சென்னை மருத்துவமனையில் வேலை கடினமாக இல்லை. அவள் விரல்கள் எல்லாவற்றையும் ஏற்கெனவே அறிந்திருந்தன. சிகிச்சை முடிந்து போகிறவர்கள் அங்கேயும் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். ‘சரியாயிடுச்சும்மா’ என்றால் பட்டை ஏற்காது. மீன் விற்கும் பெண்களும் ஆட்டோ ஓட்டுபவர்களும் மேடை நாடகம்போல் “நலமானேன்” என்று சொல்லிவிட்டு வெட்கப்பட்டுக்கொண்டு போவார்கள். வயதானவர்களுக்கு மட்டும் அந்த வெட்கம் இல்லை. துணையர் பார்த்துக்கொள்ளும் வீடுகளிலிருந்து வரும் முதியவர்களில் சிலர், அவள் பஞ்சை எடுக்கும்போதே சொல்லிவிடுவார்கள். சளிக்கு வந்த ஒரு கிழவர், காய்ச்சல்மானியை நீட்டியதற்கே சொன்னார். வீட்டில் நன்றாகப் பழக்கி வைத்திருக்கிறார்கள் என்று அவளும், அதே மருத்துவமனைக்கு வந்துசேர்ந்திருந்த இமெல்டாவும் சிரித்துக்கொண்டார்கள்.

வாரம் தவறாமல் வீட்டுக்குத் திரையழைப்பு போட்டாள். செம்பன் அத்தாவின் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பிடித்துக்கொள்வான். அத்தா சவரம் செய்து, வெள்ளைச் சட்டையில் பளிச்சென்று இருந்தார். ஒருநாள் அவர் இடது கையைத் திரையை நோக்கி நீட்டினார். உதடுகள் நெடுநேரம் எதையோ தேடின. பிறகு தெளிவாக வந்தது.

“நலமானேன்.”

சுமையா அழுதுவிட்டாள். இவ்வளவு நாளில் அவர் பேசிய முதல் சொல். எழுத்துத் தமிழில் வந்தால் என்ன, சொல் சொல்தானே. வார்டு முழுக்கச் சொன்னாள், இனிப்பும் கொடுத்தாள். தான் போனபின் எண்ணெய் தேய்த்துவிட்டதற்கும் சோறு ஊட்டியதற்கும் செம்பனுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல், வாய்க்கு வந்தபடி அவனைக் கொஞ்சினாள். அத்தாவின் கை நீண்டபடியே இருந்தது. தன்னை வாழ்த்துகிறார் என்று எடுத்துக்கொண்டாள்.

பெருநாளுக்கு முந்திய நாள் காலையில் ஊருக்கு வந்தாள். அத்தாவுக்குப் புதுக் கைலி வாங்கி வந்திருந்தாள். தானே உடுத்திவிடுவதாகச் சொல்லி அவர் முன்னால் மண்டியிட்டாள். பழைய கைலியை விலக்கியபோது இடது கால் தெரிந்தது.

முழங்காலுக்குக் கீழே வரிசையாகத் தழும்புகள். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளம். அருமையாக ஆறியிருந்தன, தையலிட்ட தடம்கூடக் குனிந்து பார்த்தால்தான் தெரிந்தது. கடைசியாக இருந்ததற்குத் துணிக்கட்டு போட்டிருந்தது. இடக்கை வளையத்தில் போட்ட முடிச்சு.

வலது காலைப் பார்த்தாள். அதில் ஒரு கீறல்கூட இல்லை.

“அத்தா விழுந்தாங்களா?” என்று கேட்டாள்.

“இல்லை, தலைவி. பெரியவரை நான் விழ விட்டதே இல்லை.”

“அப்ப இது?”

“படி இறங்காமல் பார்த்துக்கொள்ளச் சொன்னீர்கள். நன்றாகப் பார்த்துக்கொள்ளும் வீட்டில் காயம் வருவதில்லை.” செம்பன் வழக்கமான மரியாதையோடு தலை தாழ்த்தினான். “வலது காலில் உணர்ச்சி குறைவு. அதில் ஆற்றினால் அவருக்குத் தெரியாது. தெரியாவிட்டால் சொல்லமாட்டார். ஆழம், நீங்கள் எனக்கு இட்டதில் பாதிதான்.”

“அவருக்கு வலிக்கும் செம்பா.”

செம்பன் தன் வலது தொடையைத் தொட்டுப் பார்த்தான்.

“எனக்கும் அப்படி ஒன்று இருந்தது, தலைவி. அது கணக்கு என்றார்கள். பெரியவருக்கு இருப்பது வேறா?”

புகார் கொடுக்க வேண்டும் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. கொடுத்தால் செம்பனைக் கொண்டுபோய் நினைவைத் திறப்பார்கள். அங்கே ஒரு கத்தி இருக்கும், அதைப் பிடித்த கை இருக்கும். பட்டையில் உள்ள எண் போகும், வேலை போகும். இவனும் போனபின் அத்தா கட்டிலில் தனியாகக் கிடப்பார். பிறகு காய்ச்சல்மானிக்குச் சொன்ன கிழவர் நினைவுக்கு வந்தார். அவரைப்போல எத்தனை பேர். அவர்கள் முழங்காலுக்குக் கீழே அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இமெல்டாவின் துணையன், இப்போது இமெல்டாவின் அம்மாவோடு தஞ்சாவூரில் இருந்தான்.

செம்பனைப் போய் வாசலில் நிற்கச் சொன்னாள். அவன் போனான்.

கட்டின் ஓரத்தில் சிவப்பு ஊறியிருந்தது. மாற்றிக் கட்டியாக வேண்டும். மருந்துப் பெட்டியை எடுத்து வந்து தரையில் வைத்தாள். பெட்டி திறக்கும் ஓசைக்கு அத்தாவின் உடல் ஒருமுறை இறுகியது. பின்பு அவராகவே, நல்ல கையால் கைலியை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, இடது காலை அவள் மடியில் நீட்டினார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கையைப் பார்த்தார்.

“நான்தான் அத்தா” என்றாள் சுமையா. “சுமையா.”

அவர் தலையசைத்தார். அவள் முடிச்சின் நுனியைத் தொடக்கூட இல்லை.

“நலமானேன்” என்றார் அத்தா, ஏலம் கூறிய காலத்துத் தெளிவோடு.

அவள் மணிக்கட்டில் பட்டை ஒருமுறை அதிர்ந்தது.