அறுபது முத்துப்பேச்சிகள்

காலை ஆறு மணிக்கு ஷிப்ட் மாறும்போது, ஏழாம் சுரங்கத்தின் நாடிவாயில் ஒவ்வொருவருடைய நோயையும் ஊருக்கே கேட்கும்படி கத்தும்.

"சண்முகவடிவு. மூலம். மூச்சுக்காற்று சரி. கடக்கலாம்."

"அந்தோணிராஜ். குடல்புழு. மூச்சுக்காற்று சரி. கடக்கலாம்."

யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நிலவின் தென்முனைப் பள்ளத்தில் பனி வெட்டும் இரண்டாயிரம் பேருக்கும் தோளில், தோலுக்கு அடியில், மிளகளவு குருதிமணி ஒன்று புதைத்திருக்கும். அது ரத்தத்தைப் படித்து வாயிலுக்குச் சொல்லும். வாயில் ஊருக்குச் சொல்லும். கத்துவதற்குக் காரணம் இருந்தது. பாறை துளைக்கும் சத்தத்தில் பாதிப் பேருக்குக் காது போய்விட்டது. முன்னொரு காலத்தில் காற்று குறைவதை வாயில் மெல்லச் சொல்லி, கேட்காமல் உள்ளே போன மூன்று பேர் செத்தார்கள். அன்றிலிருந்து சட்டம்: வாயிலின் குரலைக் குறைக்கவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. "மூலம் எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்பது அங்கே "டீ குடிச்சாச்சா?" என்று கேட்பது மாதிரி.

போரின் மூன்றாம் வருஷம் பனியைக் காக்கத் தொள்ளாயிரம் சிப்பாய்கள் வந்து இறங்கினார்கள். அவர்கள் தோளிலும் குருதிமணி புதைத்தார்கள். இரண்டே மாதத்தில் வாயில் புதிதாக ஒன்றைக் கத்தியது.

"ஹவில்தார் துரைக்கண்ணு. மேகநோய். முதல் நிலை. மூச்சுக்காற்று சரி. கடக்கலாம்."

படுக்கையில் ஒட்டுகிற நோய். முதலில் சிரிப்பு. மறுநாள் ஒரு பனிவெட்டிக்கும் அதே வார்த்தை விழுந்ததும் அடிதடி. இந்த ஊர்ப் பெண்களிடமிருந்துதான் ஒட்டியது என்றார்கள் சிப்பாய்கள். சிப்பாய்கள்தான் கொண்டுவந்து இறக்கினார்கள் என்றார்கள் தொழிலாளர்கள். ஸ்பேனர்கள் பறந்தன. மூன்று பல்லும் ஒரு தாடையும் உடைந்தன.

உடைந்ததை ஒட்டவைத்தவள் ஸ்டெல்லா. சுரங்கத்துக்கு இருந்த ஒரே நர்ஸ். டாக்டரை எல்லைக்கு இழுத்துக்கொண்டு போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. அவளிடம் பென்சிலின் ஊசி நாற்பது இருந்தது. இது இருநூறு வருஷத்துக்கு முன்னாலேயே ஒற்றை ஊசியில் போய்விடுகிற நோய். கிருமி மாறவில்லை, மருந்தும் மாறவில்லை. ஆனால் ஆஸ்பத்திரி வாசல் சாப்பாட்டுக் கூடத்தைப் பார்த்திருந்தது. ஒருத்தனும் வரவில்லை. அவளே அறை அறையாகப் போய், ஆளைத் தனியே இழுத்துக் குத்திவிட்டு வந்தாள்.

மேஜர் திருவேங்கடம் அவளைக் கூப்பிட்டனுப்பினார். பக்கத்தில் தொழிற்சங்கச் செயலாளர் காசிலிங்கம். அடிதடிக்குப் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததுமே இது நல்லதுக்கில்லை என்று ஸ்டெல்லாவுக்குப் புரிந்தது.

"சிஸ்டர், குரலை நிறுத்த முடியாது. தெரியும். பேரை மாத்தலாம் இல்லையா?" என்றார் மேஜர்.

"எந்தப் பேர?"

"அந்த நோயோட பேரை. தூசுக்காய்ச்சல்னு வெச்சிருங்க. நிலவுல தூசுக்கா பஞ்சம்?"

"நம்ம பொம்பளைங்க மானம் இருக்கில்ல சிஸ்டர்," என்றார் காசிலிங்கம்.

"பொம்பளைக்கு மட்டும்தானா வந்திருக்கு? லிஸ்ட எடுத்து வாசிக்கட்டா தோழர்?"

காசிலிங்கம் கூரையைப் பார்த்தார்.

"பூமியில இருக்கிற கம்ப்யூட்டர், கொள்முதல் மூளை, இந்த வாயில் கத்துறத வெச்சுத்தான் மருந்து அனுப்புது," என்றாள் ஸ்டெல்லா. "பேர மாத்தினா மருந்தும் மாறிரும். கொஞ்சம் யோசிங்க சார்."

"யோசிச்சாச்சு. இது உத்தரவு."

மாற்றினாள். பழைய பதிவுகளையும் அழிக்கவைத்தார்கள். அடுத்த காலையிலிருந்து வாயில் "தூசுக்காய்ச்சல்" என்று கத்தியது. ஊரே நிம்மதிப் பெருமூச்சு விட்டது. தூசுக்காய்ச்சல்காரனுக்கு மரியாதை வந்தது. பக்கத்து அறைக்காரி ரசம் வைத்துக் கொடுத்தாள். இரண்டு மாதத்தில் பேர் மாற்றியதையே பாதிப் பேர் மறந்தார்கள். புதிதாக ஒட்டிக்கொண்டவர்கள், ஸ்டெல்லா என்ன சொன்னாலும், அது தூசுதான் என்று மனதார நம்பினார்கள். பனிவெட்டி இசக்கிராஜா அவர்களில் ஒருவன். துறைமுகக் கூடத்தில் எவளிடமோ போய் நோயை வாங்கிவந்தவன், உள்ளங்கையெல்லாம் செம்புள்ளி பூத்தபோதும் கையுறை சேரவில்லை என்றான். மனைவிக்குத் தூசு ஒட்டக் கூடாது என்று மூக்கில் துணி கட்டிக்கொண்டு அவள் பக்கத்திலேயே படுத்தான்.

மனைவி முத்துப்பேச்சி. அவளும் பனி வெட்டுகிறவள்தான். ஐந்து மாதக் கர்ப்பம்.

வயிற்றைப் பார்க்க வந்தவளின் குருதிமணியைப் படித்துவிட்டு ஸ்டெல்லா கதவைச் சாத்தினாள்.

"ஏட்டி, இது தூசு இல்ல. மேகநோய். உன் மாப்பிள்ளை குடுத்தது."

முத்துப்பேச்சி வயிற்றின் மேல் கையை வைத்தாள். பிறகு, "அந்த நாய பெறவு பாத்துக்கிடுதேன். பிள்ளைக்கு என்னக்கா ஆவும்?"

"ஊசி போட்டா ஒண்ணும் ஆகாது. போடாட்டி வயித்துலயே போயிரலாம். இல்ல, நோயோட பொறக்கும்."

"அப்ப போடுங்க."

"நாப்பதும் தீந்து போச்சுட்டி. கப்பலுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கேன்."

கப்பல் பத்து நாளில் வந்தது. ஸ்டெல்லா ஓடிப்போய்ப் பெட்டிகளை உடைத்தாள். முகக்கவசம். எல்லாப் பெட்டியிலும் தூசு வடிகட்டும் முகக்கவசம், மூவாயிரம். கூடவே கொள்முதல் மூளையின் கடிதம்: தங்கள் சுரங்கத்தில் தூசு மிகுந்திருப்பதற்கு வருந்துகிறோம்.

கப்பலின் வயிற்றில் பென்சிலினும் இருந்தது. அறுபது ஊசி கொண்ட ஒரு பெட்டி, கையிருப்புக்காக ஐந்தாம் சுரங்கத்துக்குப் போகிறது. அதைக் கேட்டதற்குக் கப்பல் சொன்னது: "ஏழாம் சுரங்கத்தில் மேகநோய்ப் பதிவு சுழியம். அறுபது பதிவு இருந்தால் பெட்டியை இறக்கலாம். நான்கு மணிக்குப் புறப்படுவேன்."

மணி பன்னிரண்டு. ஸ்டெல்லா யாரையும் கேட்காமல் வாயிலில் பழைய பேரைத் திருப்பி வைத்தாள். நோயாளிகள் ஐம்பத்தெட்டு பேர். ரெட்டை ஷிப்ட் பார்க்கிற இரண்டு பேர் இரண்டு தடவை கடந்தால் கணக்கு சரி. சாப்பாட்டுக் கூடத்தில் பெஞ்சின் மேல் ஏறி நின்றாள்.

"ரெண்டு மணி ஷிப்டுக்கு எல்லாரும் வாயிலக் கடந்து போங்க. அது பழைய பேரத்தான் கத்தும். கத்தட்டும். ஒரு நாள்தான். ஒரு பிள்ளை உசிரு இதுல இருக்கு. உங்க உசிரும்தான்."

முன்கூட்டியே சொன்னதுதான் அவள் செய்த தப்பு. சொல்லாமல் இருந்திருந்தால் வழக்கம்போல் நடந்திருப்பார்கள்.

இரண்டு மணிக்கு நடைபாதையில் ஈ காக்கை இல்லை. பனிவெட்டிகள் வரவில்லை, காவல் மாற வேண்டிய சிப்பாய்களும் வரவில்லை. நோய் இல்லாதவனும் வரவில்லை. தனக்கு இல்லை என்று அவனுக்கே நிச்சயமில்லை. மூன்று வருஷமாக எதிரியின் குண்டுக்கு நிற்காத சுரங்கம் அன்று நின்றது. இவர்கள் குண்டுக்கு நெஞ்சைக் காட்டுவார்கள். ஊசிக்கு இடுப்பைக் காட்டமாட்டார்கள்.

முத்துப்பேச்சி மட்டும் வந்தாள்.

"முத்துப்பேச்சி. மேகநோய். இரண்டாம் நிலை. கர்ப்பம். மூச்சுக்காற்று சரி. கடக்கலாம்."

அந்தப் பக்கம் போய் நின்று திரும்பிப் பார்த்தாள். "எத்தன பேருக்கா?"

"நீ ஒருத்திதான்."

"இந்த மிசின் ஆள எண்ணுமா, கடக்கத எண்ணுமா?"

ஸ்டெல்லா அவளை நிமிர்ந்து பார்த்தாள். "கடக்கிறதைத்தான். ரெட்டை ஷிப்டுக்காக அப்படி வெச்சிருக்கு."

"இன்னும் எத்தன?"

"அம்பத்தொம்பது."

அவள் கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகினாள். சுற்றுவழியாக வந்து மறுபடி கடந்தாள். மறுபடி கத்தியது. அறைகளுக்குள் உட்கார்ந்திருந்த மூவாயிரம் பேருக்கும் அது கேட்டது. இருபதாவது தடவையில் எங்கேயோ ஒருவன் சிரித்தான். முப்பதில் யாரும் சிரிக்கவில்லை. நாற்பத்தைந்தில் இசக்கிராஜா கதவிடுக்கில் தலையை நீட்டி, "போதும்ட்டி, மானம் போவுது," என்றான்.

"ஒன் மானமால? வந்து பாதிய நட!"

கதவு சாத்திக்கொண்டது. மூன்றரை மணிக்கு அறுபது ஆனது. கப்பல் பெட்டியை இறக்கிவிட்டுப் போனது.

முதல் ஊசி அவளுக்கு. ஊசிப்பொறி சீட்டில் இருக்கும் பேரைக் கேட்டு, சொன்ன பிறகுதான் குத்தும். பதிவுப்படி வந்த அறுபது சீட்டிலும் ஒரே பேர். மருந்து வந்துவிட்டது என்று தெரிந்ததும் ஆள்கள் ஒவ்வொருவராகப் பின்வாசல் வழியே வந்தார்கள்.

"பெயர்?" என்றது பொறி.

"முத்துப்பேச்சி," என்றான் ஹவில்தார் துரைக்கண்ணு. முதல் ஊசியோடு ஒழுங்காக இல்லாமல் திரும்பவும் நோயை வாங்கியிருந்தான்.

"முத்துப்பேச்சி," என்றான் இசக்கிராஜா.

"முத்துப்பேச்சி," என்றார் செயலாளர் காசிலிங்கம், இருமிக்கொண்டே.

கடைசியில் மேஜர் திருவேங்கடம் வந்தார். தொப்பியைக் கழற்றாமல் என்னமோ முணுமுணுத்தார்.

"கேட்கவில்லை. உரக்கச் சொல்லவும்."

"முத்துப்பேச்சி!"

திரைக்குப் பின்னால் ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஒரு மாதத்தில் ஊர் சுத்தமானது. வாயிலில் மேஜர் கப்பல் போன அன்றே திரும்பவும் தூசுக்காய்ச்சலை ஏற்றச் சொல்லியிருந்தார். முத்துப்பேச்சியின் வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று குருதிமணி சொன்ன வாரத்தில் பூமியிலிருந்து அறிக்கை வந்தது. ஏழாம் சுரங்கத்தில் மேகநோய்: படையினர், ஒருவரும் இல்லை. தொழிலாளர் ஆண்கள், ஒருவரும் இல்லை. பெண், ஒருத்தி. ஒரே நாளில் அறுபது பதிவு. படை நலன் கருதி அவளை உடனே பூமிக்கு அனுப்பவும், மற்றவர்களை எச்சரிக்கவும்.

மேஜர் கையெழுத்துப் போட்டார். ஸ்டெல்லா அவர் மேஜையை இரண்டு கையாலும் தட்டினாள். "உங்களுக்குத் தெரியும் சார். ஒங்க உடம்புல ஓடுற மருந்துக்குத் தெரியும்."

"ரெக்கார்டுல அப்படித்தானே சிஸ்டர் இருக்கு," என்றார் அவர்.

முத்துப்பேச்சி அழவில்லை. மூட்டையைக் கட்டினாள். "இசக்கி இங்கயே கெடக்கட்டும்," என்றாள். "பிள்ளைக்குத் தரையில நடக்கக் குடுத்து வெச்சிருக்கு. அக்கா, நீங்க ஒடம்பப் பாத்துக்கிடுங்க." கப்பல் ஏறிவிட்டாள்.

அவளை ஏற்றிப்போக வந்த கப்பலிலேயே புதிய சிப்பாய்கள் இருநூறு பேர் வந்து இறங்கியிருந்தார்கள். மறுநாள் அவர்களைச் சாப்பாட்டுக் கூடத்தில் உட்காரவைத்து ஹவில்தார் துரைக்கண்ணு சுகாதார வகுப்பு எடுத்தான். சுவரில் ஆள் உயரத்துக்கு முத்துப்பேச்சியின் படம். கீழே சிவப்பு எழுத்தில்: இவளிடம் எச்சரிக்கை.

"நல்லாப் பாத்துக்குங்கடா. மொத்தச் சுரங்கத்துலயும் இந்த ஒருத்திகிட்ட இருந்துதான் நோய் வந்துச்சு. நாம யாருமே அப்படி இல்ல. வெளங்குச்சா?"

"வெளங்குச்சு சார்!"

"ஏதாவது சந்தேகம்?"

பின்வரிசையில் மூன்று கை உயர்ந்தன. முதலில் தூக்கியவன் எழுந்து விறைப்பாக நின்றான்.

"அந்தம்மா எந்த அறையில இருக்காங்க, சார்?"